சட்டமன்ற உறுப்பினர் என்போர் யார்? வாசகர் கேள்விகளும் விடைகளும்

சட்டம் இயற்றும் அவைகளையும் அவற்றில் அமர்வோரையும் குறிக்கும் சொற்களைப் பற்றி வாசகர்கள் பலர் எழுதியிருந்தனர். ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகளை மட்டும் இந்த இதழில் சேர்த்து விடையளித்திருக்கிறோம்.

கேள்வி: நாளிதழ்களில் ‘சட்டமன்ற உறுப்பினர்’ என்றும் ‘சட்டப்பேரவை உறுப்பினர்’ என்றும் மாறி மாறி எழுதுகிறார்கள். பேச்சில் எம்.எல்.ஏ. என்கிறோம். பழைய பத்திரிகைகளில் ‘சட்டசபை அங்கத்தினர்’ என்று பார்த்திருக்கிறேன். எல்லாம் ஒன்றுதானா? மாணவர்களுக்கு எதைச் சொல்லிக்கொடுப்பது? (விழுப்புரம் மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியர்)

விடை: இன்றைய தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இவை அனைத்தும் ஒருவரையே குறிக்கின்றன. ஆனால் எல்லாக் காலத்துக்கும் எல்லா மாநிலத்துக்கும் இது பொருந்தாது என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

அரசியலமைப்புச் சட்டத்தின் 168-ஆவது பிரிவின்படி, ஒரு மாநிலத்தின் சட்டமன்றம் என்பது ஆளுநரும் அவையும் சேர்ந்தது. சில மாநிலங்களில் அவை ஒன்று. சிலவற்றில் பேரவை, மேலவை என இரண்டு. ஆகவே ‘சட்டமன்றம்’ என்பது முழு அமைப்பின் பெயர், ‘சட்டமன்றப் பேரவை’ என்பது அதில் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் அவையின் பெயர். சென்னைக் கோட்டையில் கூடும் அவையின் முறையான பெயரும் ‘தமிழ்நாடு சட்டமன்றப் பேரவை’ என்பதே. நாளிதழ்கள் அதைச் சுருக்கிச் ‘சட்டப்பேரவை’ ஆக்கிக்கொண்டன.

1937 முதல் நம் மாநிலத்திலும் மேலவை இருந்தது. 1986 நவம்பர் 1 அன்று அது ஒழிக்கப்பட்டது. அதுவரை பேரவை உறுப்பினரான எம்.எல்.ஏ.வும் மேலவை உறுப்பினரான எம்.எல்.சி.யும் ஒருசேரச் சட்டமன்ற உறுப்பினர்களாக இருந்தனர். மேலவை போன பிறகு எஞ்சியது ஓர் அவைதான் என்பதால், விரிந்த பொருளுள்ள சொல்லும் குறுகிய பொருளுள்ள சொல்லும் ஒன்றின் மேல் ஒன்று படிந்துவிட்டன. நாமும் வேறுபாட்டை மறந்துவிட்டோம். ஆனால் கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, மகாராஷ்டிரம், உத்தரப் பிரதேசம், பீகார் ஆகிய 6 மாநிலங்களில் மேலவை இன்றும் இருக்கிறது. ‘கர்நாடக சட்டமன்ற உறுப்பினர்’ என்று ஒரு செய்தியில் எழுதினால், அவர் எந்த அவையைச் சேர்ந்தவர் என்பது வாசகருக்குத் தெரியாமலே போகும். அண்டை மாநிலச் செய்திகளை எழுதுவோர் இதில் கவனம் வைக்க வேண்டும் என்று வலியுறுத்தத் தோன்றுகிறது.

பழைய இதழ்களைப் படிப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 1919-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி 1921-இல் கூடிய சென்னை மாகாண அவை ஓரவைதான். ஆங்கிலேயர் அதை அழைத்த பெயரின்படி அதன் உறுப்பினர்கள் அனைவரும் எம்.எல்.சி.க்களே. தமிழ் இதழ்கள் அந்த அவையைத்தான் ‘சட்டசபை’ என்றன. எனவே 1920-களில் எழுதப்பட்ட ஒரு கட்டுரையில் ‘சட்டசபை அங்கத்தினர்’ என்று வந்தால் அதை எம்.எல்.ஏ. என்று மாற்றிப் படித்துவிடக் கூடாது. பேரவை, மேலவை என்று இரண்டாகப் பிரிந்தது 1935-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். ‘சபை’ அவையாகவும் பேரவையாகவும், ‘அங்கத்தினர்’ உறுப்பினராகவும் மாறியது, சென்ற நூற்றாண்டில் வடசொற்களின் இடத்தில் தமிழ்ச் சொற்கள் வந்து அமர்ந்ததன் ஒரு பகுதி. பேச்சில் ‘சட்டசபை’ இன்றும் உயிரோடு இருக்கிறது. அதைப் பிழை என்று திருத்த வேண்டியதில்லை.

மாணவர்களுக்கு இப்படிச் சொல்லலாம்: எம்.எல்.ஏ. என்றால் சட்டமன்றப் பேரவை உறுப்பினர், எம்.எல்.சி. என்றால் சட்டமன்ற மேலவை உறுப்பினர், இருவரையும் சேர்த்துச் சொல்லச் சட்டமன்ற உறுப்பினர்.

கேள்வி: நாடாளுமன்ற உறுப்பினரும் சட்டம்தானே இயற்றுகிறார்? அவரை ஏன் சட்டமன்ற உறுப்பினர் என்பதில்லை? மாநகராட்சி மாமன்ற உறுப்பினரை இதில் சேர்க்கலாமா? (கோயம்புத்தூர் வாசகர்)

விடை: மத்தியச் சட்டங்களை இயற்றும் மன்றத்துக்கு நாடாளுமன்றம் என்று தனிப்பெயர் நிலைத்துவிட்டதால், ‘சட்டமன்றம்’ மாநிலத்துக்கு உரியதாக ஒதுங்கிவிட்டது. இரு தரப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘சட்டம் இயற்றுவோர்’ என்பது தெளிவான, எவருக்கும் புரியும் தொடர். எந்தப் பொருளில் யார் சட்டம் இயற்றலாம் என்பதை அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை மூன்று பட்டியல்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. பாதுகாப்பும் ரயில்வேயும் நாடாளுமன்றத்துக்கு உரியவை. காவல்துறையும் உள்ளாட்சியும் மாநிலச் சட்டமன்றத்துக்கு உரியவை. திருமணமும் கல்வியும் இரு மன்றங்களும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலில் இருக்கின்றன.

மாமன்ற உறுப்பினரைச் சேர்க்க இயலாது. மாநகராட்சி மன்றம் தீர்மானம் நிறைவேற்றும், துணைவிதிகள் வகுக்கும். ஆனால் அந்த அதிகாரம் சட்டமன்றம் இயற்றிய ஒரு சட்டத்திலிருந்து அதற்குக் கிடைத்தது; அந்தச் சட்டத்தின் எல்லையை அதனால் தாண்ட முடியாது.

கேள்வி: எங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வைக் குடிநீருக்கும் சாலைக்கும் பட்டாவுக்கும்தான் போய்ப் பார்க்கிறோம். சட்டத்தை எழுதுவது அதிகாரிகள், கொண்டுவருவது அமைச்சர். அப்படியிருக்க ‘சட்டம் இயற்றுபவர்’ என்று உறுப்பினரைச் சொல்வது வெறும் பெயரளவில்தானே? (தேனி மாவட்ட வாசகர்)

விடை: இந்தக் கேள்விதான் வந்தவற்றில் முக்கியமானது என்று நினைக்கிறேன்.

முதலில் நடைமுறையைப் பார்ப்போம். ஒரு சட்டமுன்வடிவின் (மசோதாவின்) வாசகத்தை எழுதுபவர்கள் பெரும்பாலும் சட்டத்துறை அதிகாரிகள்தாம் என்பது உண்மை. துறை அமைச்சர் அவையின் அனுமதியுடன் அதை அறிமுகம் செய்வார். பிறகு ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படும். தேவையென்றால் தெரிவுக் குழுவுக்கு அனுப்பப்படும். அதன்பின் பிரிவு பிரிவாக அவையின் முன் வைக்கப்படும். ஒவ்வொரு பிரிவுக்கும் பேரவைத் தலைவர் ஏற்போரையும் மறுப்போரையும் குரல் கொடுக்கச் சொல்வார். எந்த உறுப்பினரும் இந்தக் கட்டத்தில் திருத்தம் கொண்டுவர முன்னறிவிப்புத் தரலாம். எந்த உறுப்பினரும் எண்ணிக் கணிக்கும் வாக்கெடுப்பு வேண்டும் என்று கேட்கலாம். இந்த வாக்கு இல்லாமல் அதிகாரி எழுதியது வெறும் தாள்தான். அவை நிறைவேற்றிய பின் ஆளுநரிடம் போகும். அவர் ஒப்புதல் தரலாம், மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவரின் முடிவுக்காக ஒதுக்கியும் வைக்கலாம்.

ஒரு சட்டத்தின் வாசகத்தில் உறுப்பினர் ஏன் கண் வைக்க வேண்டும் என்பதற்கு நம் சட்டமன்றமே இயற்றிய ஒன்றைக் காட்டுகிறேன். சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு அளிக்க 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு ஒரு திருத்தம் செய்தது. 7-ஏ என்னும் பிரிவு அப்போது சேர்ந்தது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், மணமக்கள் தங்களுக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்பதாக அறிவித்தாலே திருமணம் செல்லும். அல்லது மாலை மாற்றிக்கொண்டாலோ மோதிரம் அணிவித்தாலோ செல்லும். அல்லது தாலி கட்டினாலும் செல்லும். இந்த மூன்று வகைக்கும் இடையில் ‘அல்லது’ என்னும் ஒரு சொல் நிற்கிறது. அதன் இடத்தில் ‘மற்றும்’ என்று இருந்திருந்தால், தாலி வேண்டாம் என்று மணந்துகொண்ட இணையர்களின் திருமணம் சட்டத்தின் கண்ணில் திருமணமே ஆகியிராது. சடங்கில்லாமல் ஏற்கெனவே நடந்து முடிந்திருந்த மணங்களுக்கும் இதே பிரிவு செல்லுபடித் தன்மை தந்தது. அந்த வீடுகளில் பிறந்த பிள்ளைகளின் வாரிசுரிமை அதனால்தான் காப்பாற்றப்பட்டது. ஒரு இணைப்புச் சொல்லுக்காக அவையில் எழுந்து பேசுவது எவ்வளவு பெரிய வேலை என்பதை இதைவிட எளிதாகக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

அமைச்சராக இல்லாத உறுப்பினரும் முன்வடிவு கொண்டுவரலாம். நாளிதழ்கள் அதைத் ‘தனிநபர் மசோதா’ என்கின்றன. நாடாளுமன்றத்தில் அப்படி வந்தவற்றுள் இதுவரை சட்டமானவை 14 மட்டுமே. கடைசியாக ஒன்று சட்டமானது 1970-இல். 2015 ஏப்ரல் 24 அன்று, திருநர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை மாநிலங்களவை ஒருமனதாக நிறைவேற்றியது. 45 ஆண்டுகளில் மாநிலங்களவை அப்படி ஒன்றை நிறைவேற்றியது அதுவே முதல்முறை. அது மக்களவையைக் கடந்து சட்டமாகவில்லை. அரசு தனியே ஒரு மசோதா கொண்டுவந்து 2019-இல் சட்டமாக்கியது. ஆனாலும் நாடாளுமன்றத்தில் அந்தப் பேச்சைத் தொடங்கி வைத்தது ஒரு தனி உறுப்பினரின் முயற்சிதான்.

இதற்கும் பல ஆண்டுகள் முன்பு, 1926-இல் சென்னை மாகாண அவைக்கு நியமிக்கப்பட்ட டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த அவையின் முதல் பெண் உறுப்பினர் அவர். அவையின் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்க அவர் அங்கே குரல் கொடுத்தார். வெறும் கண்டனத்தோடு அவர் நிற்கவில்லை. அந்த வழக்கம் நிலத்தோடு கட்டப்பட்டிருந்தது. கோயிலில் பணி செய்தால்தான் மானிய நிலம் கையில் இருக்கும் என்ற நிலை அந்தக் குடும்பங்களைப் பிணைத்திருந்தது. 1929-இல் இந்து அறநிலையச் சட்டத்தில் வந்த திருத்தம், பணி செய்தாக வேண்டும் என்ற கட்டாயத்திலிருந்து அந்த நிலங்களை விடுவித்தது. அடுத்து, பொட்டுக்கட்டுதலையே தடை செய்யும் முன்வடிவை 1930-இல் கொண்டுவந்தார். அதே ஆண்டு காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து உறுப்பினர் பதவியைத் துறந்தார். அந்தத் தடை சட்டமாக வந்தது 1947-இல். அவரிடம் அமைச்சர் பதவி இல்லை, அவையில் பெரும்பான்மையும் இல்லை. ஒரு வழக்கத்தை எந்த முடிச்சில் அவிழ்த்தால் அது தளரும் என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் சட்டத்தின் சொல்லை மாற்றினார். ‘சட்டம் இயற்றுபவர்’ என்ற பெயருக்கு முழுப் பொருளும் அவரிடம் இருக்கிறது.

இனி, இன்றைய உறுப்பினரின் கை எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, அவையில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சியின் சார்பில் உத்தரவிடும் கொறடாவின் சொல்லை மீறி வாக்களித்தால் பதவியே போய்விடும். அரசைக் கவிழ்க்கும் பேரங்களைத் தடுக்க வந்த அந்த விதி, ஒரு சாதாரண முன்வடிவின் ஒரு பிரிவை எதிர்க்கும் உறுப்பினரையும் சேர்த்தே கட்டிப்போடுகிறது. இது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் வரவு செலவுத் திட்டத்துக்கும் மட்டும் கொறடா உத்தரவு கட்டாயமாக இருந்து, மற்றவற்றில் உறுப்பினர் தம் மனச்சான்றின்படி வாக்களிக்க முடிய வேண்டும்.

அவை நடப்பதற்கான குறைந்தபட்ச வருகையாக அரசியலமைப்பின் 189-ஆவது பிரிவு வைத்திருப்பது பத்து பேர் அல்லது பத்தில் ஒரு பங்கு, இவற்றில் எது கூடுதலோ அது. 234 பேர் கொண்ட நம் பேரவைக்கு அது 24 பேர். வந்திருந்து வாக்களிப்போரில் பெரும்பான்மை இருந்தால் சட்டம் நிறைவேறும். அப்படியானால் ஒரு மாநிலத்தின் எட்டுக் கோடி மக்களைக் கட்டுப்படுத்தும் ஒரு சட்டம், ஏறக்குறைய ஆளில்லாத அவையில் 13 பேரின் குரலால் நிறைவேறவும் விதியில் இடம் இருக்கிறது. கூட்டத்தொடரின் இறுதி நாளில் பல முன்வடிவுகள் விவாதம் ஏதுமின்றி அடுத்தடுத்து நிறைவேறும் செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தம் வருவது இதனால்தான்.

குடிநீருக்கும் பட்டாவுக்கும் உறுப்பினரை அணுகுவது தவறில்லை. தொகுதியின் குறையை அவையில் எழுப்புவதும் அவர் கடமைதான். தொகுதி மேம்பாட்டு நிதியும் அவர் பரிந்துரையில்தான் செலவாகிறது. ஆனால் அந்தப் பணிகளை ஊராட்சித் தலைவரோ வட்டாட்சியரோ கூடச் செய்துவிட முடியும். சட்டமுன்வடிவில் வாக்களிக்கும் பணியை அவருக்குப் பதிலாக வேறு எவரும் செய்ய முடியாது. அடுத்தமுறை அவரைப் பார்க்கும்போது, சென்ற கூட்டத்தொடரில் எந்த முன்வடிவுக்குத் திருத்தம் கொடுத்தீர்கள் என்றும் கேளுங்கள். அதிகாரிகள் வகுக்கும் விதிகளைச் சரிபார்க்கப் பேரவையில் ‘சட்டவிதிகள் ஆய்வுக் குழு’ என்றொரு குழு இருக்கிறது. அதில் அவர் இருக்கிறாரா என்றும் கேட்கலாம்.

கேள்வி: தேர்தலில் நிற்காதவர் சட்டம் இயற்றுபவராக இருக்க முடியுமா? (புதுச்சேரி வாசகர்)

விடை: உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். புதுச்சேரிப் பேரவையில் தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேரோடு மத்திய அரசு நியமிக்கும் 3 பேரும் உண்டு. அவர்களுக்கு வாக்குரிமையும் உண்டு என்பதை உச்ச நீதிமன்றம் 2018-இல் உறுதி செய்தது. தமிழ்நாட்டுப் பேரவையிலும் ஆங்கிலோ இந்தியச் சமூகத்திலிருந்து ஒருவரை ஆளுநர் நியமித்து வந்தார். 104-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் 2020 ஜனவரியோடு அது முடிந்தது. முதலமைச்சர்களிலேயே உதாரணம் இருக்கிறது. 1952-இல் இராஜாஜி ஆளுநரால் மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதலமைச்சரானார். 1967-இல் அண்ணா தென்சென்னையிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். முதலமைச்சரான பின் மேலவை உறுப்பினரானார். எந்த அவையிலும் இல்லாத ஒருவர் அமைச்சராக 6 மாதம் வரை இருக்கலாம். அந்தக் காலத்தில் அவையில் பேசலாம், வாக்களிக்க முடியாது.

நியமன உறுப்பினருக்கு இல்லாத உரிமை ஒன்று உண்டு. குடியரசுத் தலைவர் தேர்தலில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் மட்டுமே வாக்களிக்கலாம். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் வாக்கு மதிப்பு 176. இந்த எண் 1971-ஆம் ஆண்டு மக்கள்தொகையைத் தொகுதிகளின் எண்ணிக்கையாலும் பின்பு ஆயிரத்தாலும் வகுத்து வந்தது.

கேள்வி: இலங்கைத் தமிழ் ஏடுகளில் ‘சட்டமூலம்’, ‘சட்டவாக்கம்’ என்று வருகின்றன. அவை எவை? (தஞ்சாவூர் வாசகர்)

விடை: நாம் மசோதா அல்லது சட்டமுன்வடிவு என்பதை இலங்கையில் சட்டமூலம் என்பார்கள். சட்டம் இயற்றும் பணி சட்டவாக்கம். நம் நாடாளுமன்றம் அங்கே பாராளுமன்றம்; நாம் பேரவைத் தலைவர் என்று மாற்றிக்கொண்ட பின்பும் அங்கே சபாநாயகர் நிலைத்திருக்கிறார். ஆங்கிலேயர் காலத்து அவையைச் சட்டநிரூபண சபை என்று எழுதினார்கள். 1911-இல் படித்த இலங்கையருக்கென ஒதுக்கிய ஒற்றை இடத்துக்கு நடந்த தேர்தலில் பொன்னம்பலம் இராமநாதன் வென்றது அந்தச் சபைக்குத்தான். இன்றைய பாராளுமன்றத்தின் 225 உறுப்பினர்களில் 196 பேர் தேர்தல் மாவட்டங்களிலிருந்தும் 29 பேர் தேசியப் பட்டியல் வழியாகவும் வருகிறார்கள். நம் முறையிலிருந்து பெரிதும் மாறுபடும் இடம் இது: அங்கே சபாநாயகர் சான்றுரைத்தவுடன் சட்டமூலம் சட்டமாகிவிடுகிறது. மாகாண சபைகள் இயற்றுபவற்றுக்கு நியதிச்சட்டம் என்று தனிப்பெயர் வைத்திருப்பது நல்ல ஏற்பாடு. எந்த அவையின் சட்டம் என்பது பெயரிலேயே தெரிந்துவிடுகிறது.

கேள்வி: வெற்றி பெற்ற அன்றே ஒருவரைச் சட்டமன்ற உறுப்பினர் என்று எழுதலாமா, பதவியேற்ற பிறகுதான் எழுத வேண்டுமா? அவை கலைந்தால் எல்லோரும் ‘முன்னாள்’ ஆகிவிடுவார்களா? (மதுரை வாசகர்)

விடை: வெற்றி அறிவிக்கப்பட்ட நாளிலிருந்தே அவர் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர், அப்படி எழுதுவதில் பிழையில்லை. மாநிலங்களவைத் தேர்தலில் அவர் வாக்களிக்கலாம் என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் உறுதிமொழி ஏற்காமல் அவையில் அமரவோ வாக்களிக்கவோ கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் தண்டம் என்று 193-ஆவது பிரிவு சொல்கிறது. அவை கலைக்கப்பட்டதும் உறுப்பினர் அனைவரும் முன்னாள் உறுப்பினர் ஆகிவிடுவர். பேரவைத் தலைவர் மட்டும், புதிய பேரவை முதன்முறை கூடுவதற்குச் சற்று முன்பு வரை பதவியில் தொடர்வார்.